வெள்ளைத் தட்டில் ஒரு பெரியவர்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ரெக்கார்டுகளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. பொதுவாகவே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பத்தாவது வரை படித்தேன். பீடி சுற்றுகிறேன். கடைக்குப் போனாலும் வேண்டியதைக் கையால் காட்டி வாங்கி வந்துவிடுவேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆனால் ஊரெல்லாம் கேட்கும்படி சத்தம் போட வைப்பதுதான் அவர் தொழில். சீவலப்பேரியிலும் சுற்று ஊர்களிலும் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எதுவானாலும் ஒலிபெருக்கி, லைட் எல்லாம் சேர்ந்த அவருடைய ரேடியோ செட்தான் போகும். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட வாயைத் திறக்க மாட்டார். விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்து வந்த புதிதில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகளைப் போல இருந்தோம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க எனக்குக் கூச்சம். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க அவருக்கும் கூச்சம். அந்தச் சமயத்தில்தான் ரெக்கார்டுகள் வந்தன.

காயல்பட்டினத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு லைட் போடப் போயிருந்தார். அந்த வீட்டு மனிதர் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஹோட்டலில் டிஸ்கோ ஆட்டக் கூடத்தை மூடியபோது தூக்கிப் போட்ட ரெக்கார்டுகளைத் தன் சாமானோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். "எடுத்துட்டுப் போறியளா? எடத்த அடைச்சிட்டுக் கெடக்கு. ஒரு பாட்டும் வெளங்காது" என்றாராம். இவர் அட்டைப் பெட்டிகளை வேன் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

அதில் சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஹவுஸ், டெக்னோ என்றெல்லாம் அதற்குப் பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. முழுவதும் மெஷினால் உண்டாக்கிய இசை. ஒரே அடி, டொம் டொம் என்று விழுந்துகொண்டே இருக்கும். பல தட்டுகளில் பாடுவதற்கு ஆளே கிடையாது. நாங்கள் 'டொம்மு ரெக்கார்டு' என்றோம். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன, உங்க வீட்டுல எப்பப் பாரு மாவு இடிக்கிய?" என்று கேட்பாள்.

ஒருமுறை அவர் ஆசைப்பட்டு ஒரு கல்யாணப் பந்தியில் அப்படி ஒன்றைப் போட்டுவிட்டார். இலையில் சோறு விழுவதற்குள் பெண் வீட்டுச் சித்தப்பா ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏ அண்ணாச்சி, தூங்குதீரா? ரெக்கார்டு கீறல் விழுந்து ஒரே எடத்துல நிக்கி வே!"

"இல்லண்ணே, அது பாட்டே அப்படித்தான்."

"பாட்டா? எங்க வே பாட்டு? பைய ஊசியத் தூக்கி அங்கிட்டு வையும்."

இவர் பதில் சொல்வதற்குள் அவரே ஊசியைத் தூக்கி நகர்த்தி வைத்தார். அங்கேயும் டொம் டொம். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கேயும் அதே. "முழுசும் கீறல்லா!" என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் சத்தம் வராமல் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அந்த ரெக்கார்டுகளை வெளியே எடுத்துப் போகவில்லை. தொழிலுக்குக் கேசட், சி.டி. எல்லாம் வந்துவிட்டன. பழைய பிளேயர் வீட்டுக்குள் வந்தது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவர் ஒன்றைப் போடுவார். நான் இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவேன். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போகப் போகத் தெரிந்தது. அவசரப்படாமல் இருந்தால் போதும். அடி அதே அடிதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் சாரல் தெளிப்பதுபோல ஒரு சத்தம் வந்து சேரும். பிறகு அதற்குக் கீழே கனமான ஒரு சத்தம் நகரும். எல்லாம் சேர்ந்து வருகிறபோது திடீரென்று அடி மட்டும் நின்றுவிடும். படி இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனது மாதிரி இருக்கும். பிறகு பழையபடி டொம் என்று விழும். அப்போது அவர் என்னைப் பார்ப்பார். கவனித்தாயா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டுவேன். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அப்படித்தான்.

தூத்துக்குடிக்கு வேலையாகப் போனால் பழைய சாமான் கடைகளில் தேடுவார். கப்பலில் வந்து கழித்துப் போட்ட பொருள்களோடு இந்த மாதிரித் தட்டுகளும் சில சமயம் வரும். படம் போட்ட உறைகளை மற்றவர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். வெறும் வெள்ளை உறையில், நடுவில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பெயர்கூட இல்லாமல் வருவதை யாரும் தொட மாட்டார்கள். இவர் அதைத்தான் எடுப்பார். "யாரும் எடுக்கலன்னா கெட்டதுன்னு அர்த்தமில்லளா. கேக்க இன்னும் ஆள் வரல, அவ்வளவுதான்" என்பார். பெயர் இல்லாததால் நாங்களே பெயர் வைத்தோம். ஒன்று 'ரைஸ் மில்', பெல்ட் அடிக்கிற சத்தம் இருக்கும். ஒன்று 'அணைக்கட்டு', தண்ணீர் வழிகிற மாதிரி கடைசி வரை இரைச்சல். மூன்று மெட்டுகள் தனித்தனியாக வந்து ஒன்றாகக் கலக்கும் ஒரு தட்டுக்கு 'முக்கூடல்'.

'பெரியவர்' என்று ஒன்று இருந்தது. அதுவும் வெள்ளைத் தட்டுதான். மெதுவான அடி. அதன்மேல் ஓர் ஆண் குரல், அடித் தொண்டையிலிருந்து ஒரே ஒரு வரியை இழுத்து இழுத்துச் சொல்லும். என்ன பாஷை என்று எங்களுக்கு விளங்கவில்லை. வயதான ஒருத்தர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து யாரையோ வா, வா என்று கூப்பிடுகிறார் என்றார் அவர். கூப்பிடவில்லை, போய் வா என்று அனுப்பி வைக்கிறார் என்றேன் நான்.

எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போனது. அதைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை. அந்த நாள்களில் நான் சுளகைத் தொடவில்லை. அவரும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஏதாவது ஆறுதல் சொன்னார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானமானால் அவர் 'பெரியவரை' எடுத்துப் போடுவார். முடிந்ததும் ஊசியை மறுபடி முதலில் வைப்பார். எங்களுக்காக அந்த மனிதர் அழுதுவிட்டுப் போகட்டும் என்று இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு பிள்ளை இல்லை. பெரியவர் மட்டும் எங்களோடு இருபது வருடத்துக்கு மேல் இருந்தார்.

போன வருடம் பங்குனியில் ஒரு நாள் காலையில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சும் போய்விட்டது. பேச்சு வருமா என்று கேட்டேன். போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். பழகிய ஆள்கள், பழகிய சத்தம் இருந்தால் நல்லது என்றார்.

எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. நடக்காவிட்டால் போகிறது. பேசாவிட்டாலும் போகிறது, முன்னாலும் நாங்கள் பேசியா வாழ்ந்தோம்? உள்ளே அவர் இருக்கிறாரா, என்னைத் தெரிகிறதா? கஞ்சி ஊட்டினால் வாய் திறந்தார். துடைத்துவிட்டால் கண் சிமிட்டினார். ஆனால் பார்வை என்மேல் நிற்காமல் எனக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குப் போய்விடும்.

ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 'ரைஸ் மில்'லுக்கு ஒன்றுமில்லை. 'முக்கூடல்' தட்டுக்கும் ஒன்றுமில்லை. 'பெரியவர்' ஓடும்போது மட்டும் இடது கைச் சுண்டுவிரல் போர்வைமேல் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. ஓடிப் போய் மதினியைக் கூட்டி வந்தேன்.

மதினி என்றால் அவருடைய அக்காள். தாய் போன பிறகு அவரை வளர்த்தது அவர்கள்தான். அடுத்த தெருவில் வீடு. தினமும் விடிந்ததும் வந்து அவருடைய துணிகளை ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் அலசிப் போடுவார்கள். ஆனால் மனதில் இருப்பதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"இது நரம்பு துடிக்கிட்டி. பல்லி வாலு அறுந்து விழுந்தா துடிக்கும்லா, அப்படி."

"இல்ல மதினி, இந்த ரெக்கார்டுக்கு மட்டுந்தான்..."

"ஏட்டி, மனசத் தேத்திக்கோ. ஆளு அன்னைக்கே போயிட்டான். கூடுதான் கெடக்கு. ஆண்டவன் சீக்கிரம் எடுத்துக்கிட்டா அவனுக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது."

அவர் கட்டிலில், நாங்கள் கீழே. பிறகு வந்தவர்களோடும் மதினி அங்கே உட்கார்ந்துதான் பேசுவார்கள். ஒரு நாள் பந்தலுக்கு யாரைச் சொல்வது என்று பேச்சு வந்தது. "பந்தல விடு, ரேடியோ செட்டு? ஊருக்கெல்லாம் இவன்தான போடுவான். இவன் சாவுக்கு எவன் வந்து போடுவான்?" என்றார்கள். சிரிக்கவும் செய்தார்கள், அழவும் செய்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

புரட்டாசியில் முன்பின் தெரியாத ஒரு தம்பி வந்தார். நாகர்கோவில்காரர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இந்த மாதிரித் தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறவராம். தூத்துக்குடிப் பழைய சாமான் கடையில் விசாரித்திருக்கிறார். "அதெல்லாம் சீவலப்பேரிப் பக்கம் ஒரு ரேடியோ செட்டுக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். மதினிதான் உள்ளே வரச் சொன்னார்கள்.

பெட்டிகளைத் திறந்ததும் அந்தத் தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தட்டையும் உள்ளங்கையில் விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பிடிக்கிற மாதிரியே. அதைப் பார்த்ததும் நான் கதவை விட்டு உள்ளே வந்தேன். "அண்ணாச்சி பெரிய ரசிகர்க்கா. எங்கள மாதிரித் தேடிச் சேக்கிறவங்க விட்டதெல்லாம் இங்க இருக்கு" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னார். அவர் படுத்த பிறகு அவரிடமே பேசிய முதல் ஆள் அந்தத் தம்பிதான்.

'பெரியவரை' நானே போட்டேன். அடி விழுந்தது. குரல் வந்தது. தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் சிரித்தார்.

"அக்கா, இது நாப்பத்தஞ்சுல ஓட வேண்டியதுன்னு நெனைக்கேன்."

எனக்குப் புரியவில்லை. ரேடியோ செட்டுக்காரர்களுக்கு ஒரே கணக்கு. பெரிய தட்டு மெதுவாக, நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் ஓடும். சின்னத் தட்டு வேகமாக, நாற்பத்தைந்தில். சினிமா ரெக்கார்டெல்லாம் அப்படித்தான். எண் அச்சடித்திருந்தால் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் போடுவார். வெள்ளைத் தட்டில் எண் எங்கே இருக்கிறது? பெரிய தட்டு, ஆகவே முப்பத்துமூன்று.

"இந்த ஆட்டத் தட்டுல மட்டும் பெருசும் நாப்பத்தஞ்சுல வரும்க்கா. ஒண்ணும் எழுதியிருக்க மாட்டாங்க" என்று சொல்லி, ஊசியைத் தூக்காமலே லீவரைத் தள்ளினார்.

ஓடிக்கொண்டிருந்த குரல் அப்படியே மேலே ஏறியது. கிழட்டுக் குரல் நடுவயதாகி, இளசாகி, ஒரு பெண்பிள்ளையின் குரலாக வந்து நின்றது. அடி குதித்து ஓடியது. அந்தப் பிள்ளை பாடுவது சிரித்துக்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது.

"என்ன சொல்லுதா தம்பி?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்லக்கா. வீட்டுக்குப் போக வேண்டாம், விடியுற வர ஆடலாம்ங்கா."

வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுவும் அதே டொம்மு டொம்முதான்" என்றார்கள். அவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தம்பிக்கு அது சரியாக ஓடுகிற ஒரு ரெக்கார்டு. அதில் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிவதற்கு உலகத்திலேயே இரண்டு பேர்தான் உண்டு.

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் தலை திரும்பியிருந்தது. கண்கள் அகலத் திறந்து பிளேயரைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. சுவரை அல்ல, என்னை. கொடையில் ஆம்பிளிஃபயர் கத்தினால் யார் கையை வைத்தது என்று திரும்புவாரே, அந்தப் பார்வை. என்னளா இது, என்று கேட்கிறார். வாயால் கேட்டிருந்தாலும் அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

"நாமதான் இத்தன வருசமாத் தப்பாப் போட்டிருக்கோம்" என்றேன். "பெரியவர் இல்ல. பொம்பளப் புள்ள."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மதினி, "கொட்டாவி விடுதான்" என்றார்கள்.

தம்பி அந்தப் பாட்டைத் தன் போனில் பதிந்துகொண்டார். தட்டைக் கேட்டார். தர மாட்டேன் என்று தலையாட்டினேன். வற்புறுத்தாமல் போய்விட்டார். மதினியும் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தானே பங்குனியிலிருந்து தவித்தேன். சந்தோஷம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த மூச்சிலேயே இன்னொன்று உறைத்தது. உள்ளே அவர் இருக்கிறார் என்றால், ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறார். கூடு என்று சொன்னபோது இருந்திருக்கிறார். பந்தல் பேசியபோது இருந்திருக்கிறார்.

"ஆமாம்னா கண்ண மூடுங்க" என்றேன். "என்னத் தெரியுதா?"

மூடினார்.

"பாட்டப் பழையபடி போடட்டுமா?"

மூடினார். முப்பத்துமூன்றில் போட்டேன். பெரியவர் வந்தார். தெரிந்துகொண்டே கேட்டாலும் அது பெரியவர்தான்.

பாட்டு முடிந்த பிறகு கேட்டேன். "மதினி பேசுனதெல்லாம் கேட்டிச்சா?"

மூடினார். மூடிய கண்ணை உடனே திறக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது, "ஒங்களுக்கு எல்லாம் தெரியுதுன்னு மதினிகிட்டச் சொல்லட்டுமா?" என்றேன்.

இமை அசையவில்லை. கண் எரிகிற அளவுக்குத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிறார். வளர்த்த அக்காள். தான் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தால் அவர்கள் உயிர் தரிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்படியே விட்டுவிட்டேன். மதினி வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது வேலை சொல்லி வாசலுக்குக் கூட்டிப் போவேன். அவர்கள் போன பிறகு அவரிடம் பேசினேன். ஆற்றில் தண்ணீர் கூடியிருப்பதை, பீடிக் கடையில் இலை சரியில்லாததை, பக்கத்து வீட்டு அக்காள் மருமகளோடு போட்ட சண்டையை. வாழ்க்கை முழுவதும் பேசாததை எல்லாம் அந்தக் கொஞ்ச நாளில் பேசினேன். சில நாள் கண்ணை மூடிப் பதில் சொல்வார். சில நாள் பார்வை சுவருக்குப் போய்விடும். அந்த நாள்களில் நான் எவ்வளவு பேசினாலும் வராது. ஐப்பசி மழையில் சளி கட்டிக்கொண்டது. ஒரு மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் வந்து ரேடியோ செட் போட்டார். மதினி அழுத அழுகையை ஊர் இன்னும் சொல்கிறது.

பதினாறு கழிந்த மறுநாள் நானும் மதினியும் பின்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மதினி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு."

"கேளுங்க மதினி."

"அன்னைக்கு அந்த நாகர்கோவில் பையன் வந்தப்ப, கட்டில்ல கெடந்தவன் மொகத்தப் பாத்தேன். கொட்டாவின்னுட்டேன். அது கொட்டாவிதானா? நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுனேனே, அவன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா கெடந்தான்?"

கையில் சாம்பலோடு அவர்கள் முகம் ஒரு பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"இல்ல மதினி. அவருக்கு ஒண்ணும் தெரியல."

"நெசமாவா?"

"கூடவே கெடந்தேன். எனக்குத் தெரியாதா? அது கொட்டாவிதான்."

மதினி புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "அந்த மட்டுக்கும் நல்லதுதான்" என்றார்கள். அண்டாவைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்தார்கள். நான் தண்ணீர் ஊற்றினேன்.